என்ஜினை மாற்றினார்கள், வயரை மறந்தார்கள்



இந்த முறை கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும் கட்டுரை. பழைய ஜீப், அதற்குள் வேறு வண்டியின் என்ஜின், அதன் மேல் ஒரு ஏ.சி. இந்த மூன்றும் ஏன் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்பதுதான் விஷயம்.

திருத்தணி மலைப்பாதையில் மே மாதச் சாயங்காலம் அப்படி ஒரு ஜீப் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் 43 டிகிரி வரை போன வெயில். (கோடை வந்தால் தொலைக்காட்சியின் வெப்பப் பட்டியலில் வேலூர், கரூர், திருத்தணி ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும், கவனித்திருப்பீர்கள்.) பாதி மலை ஏறுவதற்குள் ஏ.சி.யில் வெறும் காற்று வர ஆரம்பிக்கிறது. ஹெட்லைட் போட்டால் மஞ்சளாக அழுகிறது. மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டு வந்து பார்த்தால் செல்ஃப் எடுக்கவில்லை. நாலு பேர் தள்ள வேண்டும்.

பேட்டரி மாற்றச் சொல்வார்கள். மாற்றுவோம். இரண்டு மாதம் கழித்து அதே கதை. அடுத்து ஆல்டர்னேட்டர், அப்புறம் ஏ.சி.க்கு கேஸ். பர்ஸ் காலியாகும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். காரணம், அது எந்த ஒரு பாகத்துக்குள்ளும் கிடையாது. வேறு வேறு காலத்தில் பிறந்த இரண்டு மூன்று வண்டிகள் ஒன்றாக ஒட்டவைக்கப்பட்ட மூட்டில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் பாதி வேலை செய்யும், சரித்திரம் மீதி வேலை செய்யும்.

முதலில் ஜீப் எப்படி நம்மிடம் வந்தது என்று பார்த்துவிடுவோம். 1945-ல் லூதியானாவில் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பிரிவினை வந்தது. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகி, 1951-ல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். கம்பெனி 1948-ல் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆனது. 1940-களின் கடைசியில் பம்பாய் மஸகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகம் பாகமாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் பானெட் உயர்ந்த சி.ஜே.3பி மாடல் வந்தது. பழைய சினிமாவில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்குவாரே, அந்த ஜீப்!

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் என்ஜின் 2199 சி.சி. பெட்ரோல், 60 குதிரைத்திறன். மின்சாரம் 6 வோல்ட். டைனமோ 40 ஆம்பியர். அதாவது மொத்தமே 240 வாட். இன்று இரண்டு ஹெட்லைட்டுக்கே 120 வாட் போய்விடுகிறது! அந்த வண்டிக்கு அது போதும். இரண்டு விளக்கு, ஒரு ஹாரன், இக்னிஷன் காயில், மீட்டர். முடிந்தது கணக்கு.

அந்த டேஷ்போர்டில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். அம்மீட்டர். நடுவில் பூஜ்யம், இந்தப் பக்கம் சார்ஜ், அந்தப் பக்கம் டிஸ்சார்ஜ். டைனமோ காலத்தின் அடையாளம் அது. பேட்டரிக்குப் போகிற, வருகிற மின்சாரம் (செல்ஃப் மோட்டாருக்குப் போவது தவிர) முழுவதும் அந்த மீட்டர் வழியாகத்தான் போகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வில்லனாக வரப்போகிறது.

சரி, என்ஜினை ஏன் மாற்றினார்கள்?

ஒரே வார்த்தையில் சொன்னால், டீசல். பெட்ரோல் வண்டியில் டீசல் என்ஜினைப் பொருத்துவது ஏதோ நம்ம ஊர் ‘ஜுகாட்’ என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932-ல் ஃபிராங்க் பெர்கின்ஸ் ஆரம்பித்த கம்பெனியின் ஆரம்பகால வியாபாரமே ஏறக்குறைய அதுதான். பெட்ரோல் வண்டிக்குள் அடங்கும் அளவில், வேகமாகச் சுற்றும் சின்ன டீசல் என்ஜின் செய்து விற்பது. அந்த பெர்கின்ஸ் என்ஜின்களை உரிமம் பெற்றுச் சென்னையிலேயே தயாரித்தது 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி. செம்பியத்தில் இன்றும் இருக்கிறது. பெட்ரோல் லாரிகளைக் கழற்றி ‘சிம்சன் பெர்கின்ஸ்’ மாட்டிக்கொள்வது அந்தக் காலத்து முதலாளிகளுக்கு லாபக் கணக்கு.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது, பெட்ரோல் விலை எகிறியது. ஜீப்காரர்களுக்கு இருந்த கடைசித் தயக்கமும் போய்விட்டது. லிட்டருக்கு ரொம்பக் குறைவாக ஓடும் பெட்ரோல் ஜீப்பை யார் வைத்துக்கொள்வார்கள்? மஹிந்திராவே டிராக்டர் என்ஜின் வழியில் வந்த டீசலைப் போட்டது. 1980-களில் பிரான்ஸின் பெஜோ கம்பெனி வடிவமைத்த 2112 சி.சி. டீசலைப் போட்டது. வெளியே பட்டறைகளிலோ கையில் கிடைத்தது எல்லாம் போனது. இசுசு டீசல், மஹிந்திராவின் டி.ஐ. என்ஜின், ஏலத்தில் எடுத்த ராணுவ ஜோங்காவுக்குள் லாரி என்ஜின்கூட. (ஜோங்கா என்பது ஜபல்பூரில் தயாரான நிஸான் வண்டி. அதன் 4 லிட்டர் பெட்ரோல் என்ஜின் குடிக்கும் குடிக்கு ஒரு பெட்ரோல் பங்க் கூடவே வர வேண்டும்.)

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-லும் நீங்கிய பிறகு அந்த விலை இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனால் மாற்றிய என்ஜின்கள் மாற்றியபடியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இங்கேதான் விஷயம். என்ஜின் மாற்றும் பட்டறைக்காரருக்கு மவுண்ட் தெரியும், கியர்பாக்ஸோடு சேர்க்கும் பிளேட்டை லேத்தில் கடையத் தெரியும், ரேடியேட்டர் ஓஸ் தெரியும். வயரிங்? “அதை எலக்ட்ரீசியன் பார்த்துப்பாரு.” எலக்ட்ரீசியன் வந்து, பழைய பெட்ரோல் வயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, வண்டி ஸ்டார்ட் ஆக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். வரைபடம் கிடையாது. அடுத்த எலக்ட்ரீசியனுக்கு அது கல்வெட்டு மாதிரி, அவராகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கல்வெட்டில் என்னவெல்லாம் எழுதியிருக்கும் என்று பார்ப்போம்.

பெட்ரோல் என்ஜின் நிற்க வேண்டுமானால் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினால் போதும். டீசலுக்குக் காயிலே கிடையாது. டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். அதனால் கையால் இழுக்கும் கேபிளோ, மின்சாரம் இருக்கும்வரை டீசலைத் திறந்து வைத்திருக்கும் சோலனாய்டோ வேண்டும். காயிலுக்குப் போன பழைய வயரைச் சோலனாய்டில் கொடுத்துவிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு முனையையும் பல்ப் இல்லாமல் நேராக அதே வயரில் முடிந்துவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் தன் மின்சாரத்தைப் பின்வழியாகச் சோலனாய்டுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். பேய் பிடித்த வண்டி என்று எலுமிச்சம்பழம் கட்ட வேண்டியதில்லை. நடுவில் ஒரு பல்போ டயோடோ போட்டால் பேய் ஓடிவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. பழைய ஜீப்பில் அம்மீட்டர் இருந்ததால் சார்ஜ் விளக்கே கிடையாது. ஆனால் பல ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்வதற்கு அந்த விளக்கின் வழியாக வரும் சின்ன மின்சாரம் வேண்டும். அந்த வயரை எங்கும் கொடுக்காமல் டேப் சுற்றி விட்டுவிட்டால், வண்டியை நன்றாக ரேஸ் கொடுக்கும்வரை சார்ஜ் ஏறாது. ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவருக்கு பேட்டரி இறங்கும், நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே ஆகாது. ஒரே வண்டிக்கு அண்ணனும் தம்பியும் இரண்டு விதமாகப் புகார் சொல்வது இப்படித்தான்.

இப்போது வில்லனுக்கு வருவோம். ஆல்டர்னேட்டர் 1960-ல் அமெரிக்காவில் கிரைஸ்லரின் வேலியன்ட் காரில் வழக்கமான பாகமாக வந்தது, பிறகு மெல்ல உலகமெங்கும் டைனமோவை ஓரங்கட்டியது. நம் பக்கத்தில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததில் பாடிக்குப் பங்கு உண்டு. 1961-ல் இங்கிலாந்தின் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். அங்கேதான். சென்னையிலிருந்து திருத்தணிக்குப் பாடி, அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று வருகிறோமே, அந்தச் சாலையே ஒரு வாகன மியூசியம்தான். ஆவடியில் டாங்கி. திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1971-ல் மண் அள்ளும் எந்திரங்களுக்காகத் தொடங்கி, 1998-ல் மிட்சுபிஷி லான்சர் பூட்டிய தொழிற்சாலை. 2021-ல் அதே வளாகத்திலிருந்து சிட்ரோயன் கார் வந்தது. சிட்ரோயனும் பெஜோவும் ஒரே குடும்பம். ஜீப்புக்கு டீசல் கொடுத்த குடும்பம் 40 வருடம் கழித்து நம் பக்கத்து ஊருக்கே குடிவந்தது என்று சொல்லலாம்.

வழி மாறிவிட்டேன். 30 ஆம்பியர் வரை காட்டும் பழைய அம்மீட்டர், அதற்கேற்ற பழைய வயர். அதன் வழியாக 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைச் செலுத்தினால் என்ன ஆகும்? மீட்டரின் பின்னால் இருக்கும் நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால் அங்கே சூடாகும். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஃபியூஸே இல்லாத வயரில். ‘ஓடும் ஜீப் தீப்பிடித்தது’ என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது இந்த நட்டுதான். அம்மீட்டரைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக, தடித்த வயர், நடுவில் தகுந்த ஃபியூஸ், டேஷ்போர்டில் ஒரு வோல்ட்மீட்டர். இதுதான் சரியான வழி. அழகுக்கு அம்மீட்டர் வேண்டும் என்பவர்கள் முள் ஓடாத அம்மீட்டரை ரசித்துக்கொள்ளலாம்.

அடுத்தது எர்த். என் கணிப்பில் பாதிக் கோளாறு இங்கேதான். என்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. அதனால் என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு பின்னல் செம்புப் பட்டை இருக்க வேண்டும். என்ஜின் மாற்றும்போது முதலில் தொலைவது இந்தப் பட்டைதான். இல்லாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் போகும். கேபிள் உறை உருகி ஒட்டிக்கொண்டால் கேபிளை மாற்றுவார்கள், பட்டையை யாரும் தேட மாட்டார்கள். பெட்ரோல் என்ஜினின் அழுத்த விகிதம் 7-க்கு 1 என்றால் பழைய பெஜோ வகை டீசலுக்கு 20-க்கு மேல். செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் கேட்கும். வழியில் வெறும் 5 மில்லிஓம் மின்தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் காணாமல் போய்விடும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினாக இருந்தால் நாலு பிளக்கும் சேர்ந்து இன்னொரு 40 ஆம்பியராவது இழுக்கும். அதை ரிலே இல்லாமல் பழைய சாவி சுவிட்ச் வழியாகக் கொடுத்திருப்பார் ஒரு புண்ணியவான்.

ராணுவ ஏலத்தில் வந்த 24 வோல்ட் வண்டி என்றால் இன்னொரு சிக்கல். இரண்டு பேட்டரிகள் தொடராக இருக்கும். 12 வோல்ட் ஹாரன், பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்திருப்பார்கள். ஒன்று பட்டினி கிடக்கும், இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினாலும் அதே கதி.

இனி ஏ.சி. கார் ஏ.சி.யின் கதை 1939-ன் கடைசியில் பேக்கார்ட் காரில் தொடங்குகிறது. குளிர்விக்கும் பாகம் பின்சீட்டுக்குப் பின்னால், கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏ.சி. வேண்டாம் என்றால் என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954-ல் நாஷ் கம்பெனி எல்லாவற்றையும் காரின் முன்பகுதிக்குள்ளேயே அடக்கியது. இந்தியாவில் 1985-ல் சுப்ரோஸ் கம்பெனி, ஜப்பானின் டென்ஸோ, சுசுகி கூட்டுறவோடு தொடங்கிய பிறகுதான் சின்ன கார்களுக்கு ஏ.சி. பரவலானது. கூரை கழற்றும் ஜீப்புக்கு எல்லோரும் அறிய கம்பெனி ஏ.சி. வந்தது 2010-ல், மஹிந்திரா தாரில். அதற்கு முந்தைய ஜீப்புகளில் நீங்கள் பார்க்கும் ஏ.சி. பெரும்பாலும் ஏதோ ஒரு காரிலிருந்து இறங்கியது.

இந்த இடத்தில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் நம் பட்டறைக்குள் நுழைகிறது. பழைய கேஸ் ஆர்-12, ஓசோனைத் தின்பது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம், அதில் இந்தியா சேர்ந்தது 1992, இங்கே அந்த வகை வாயுக்களின் உற்பத்தி (ஆஸ்துமா மருந்துக் குப்பி போன்ற விலக்குகள் தவிர) நின்றது 2008. பதிலாக வந்தது ஆர்-134ஏ. இரண்டும் வேறு வேறு எண்ணெய் கேட்கும். ஆர்-12 காலத்துக் கம்ப்ரஸரில் மினரல் எண்ணெய் இருக்கும், அது புது கேஸோடு கலக்காது. கழுவாமல் கேஸ் மட்டும் அடித்தால் எண்ணெய் ஒரு மூலையில் தங்கும், கம்ப்ரஸர் காய்ந்து ஜாம் ஆகும். கூடவே, கடும் வெயிலில் ஆர்-134ஏ-யின் அழுத்தம் பழையதைவிட அதிகம். கண்டென்சருக்குள் 65 டிகிரி என்றால் ஏறக்குறைய 18 பார், அதாவது 260 பி.எஸ்.ஐ. ஊட்டியில் அருமையாக ஓடிய சின்ன கண்டென்சர் திருத்தணியில் திணறுவது இதனால்தான். அந்தக் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சுடுகாற்றை அனுப்புவதால் என்ஜினும் சேர்ந்து கொதிக்கும்.

என்ஜின் மாற்றிய வண்டிக்கென்றே உள்ள ஏ.சி. கோளாறுகள் தனி. கம்ப்ரஸர் என்ஜினோடு சேர்ந்து ஆடும், கண்டென்சர் சேசிஸோடு நிற்கும். நடுவில் வளையும் ஓஸ் வைக்காமல் பழைய உலோகக் குழாயையே வளைத்துப் பொருத்தினால் டீசலின் நடுக்கத்தில் கீறல் விடும், வருடா வருடம் கேஸ் அடிக்க வேண்டும். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்துவதற்காக ஒரு அழுத்த சுவிட்ச் இருக்கும். “சுவிட்ச் போயிடுச்சு சார், டைரக்ட் பண்ணிட்டேன்” என்று யாராவது சொன்னால் கம்ப்ரஸருக்கு மாலை வாங்கி வைத்துவிடலாம். கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் அதன் உயிர்.

ஆனால் மலையில் ஏறும்போது பாதியில் வெறும் காற்று வந்ததே, அது பெரும்பாலும் இது எதுவுமே கிடையாது. கணக்குப் போடுங்கள். ஹெட்லைட் 10 ஆம்பியர், புளோயர் 10, கண்டென்சர் ஃபேன் 10, கம்ப்ரஸர் கிளட்ச் 4, மற்ற விளக்குகள் 3 அல்லது 4. கிட்டத்தட்ட 38 ஆம்பியர். பழைய 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு வேகத்திலேயே இதைத் தர முடியாது, பிரேக் பிடித்து நிற்கும்போது பாதிகூட வராது. வோல்ட் இறங்குகிறது. கம்ப்ரஸர் கிளட்ச் ஒரு மின்காந்தம், 10 வோல்ட்டில் பிடிப்பு தளர்ந்து வழுக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றும், கண்டென்சர் ஆறாது, அழுத்தம் ஏறும், வழுக்கல் இன்னும் கூடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான், “ஏ.சி. கூலிங் இல்லை.” ஏ.சி. கடையில் கேஸ் அடிப்பார்கள். நோய் எர்த் பட்டையில் இருக்கும்!

அதனால் ஏ.சி. கடைக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம், ஒரு மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறதா? ஸ்டார்ட் செய்ததும் 14 பக்கம் வருகிறதா? இப்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஐடிலில் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கி, ரேஸ் கொடுத்ததும் ஏறினால் ஐடில் வேகமும் புல்லி அளவும்தான் சந்தேகம். ரேஸ் கொடுத்தும் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரோ அதன் வயரோ பெல்ட்டோ. பிறகு மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று என்ஜின் உடம்பில், ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த். கடைசியாக, ஏ.சி. ஓடும்போது கிளட்ச் வயரில் எத்தனை வோல்ட்? பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவில் ரிலே இல்லை என்று அர்த்தம். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய முறை.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் திருத்தணி எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, ம.பொ.சி. போன்றவர்கள் போராடி நம் பக்கம் வந்த ஊர். நகரி, புத்தூர் பக்கமிருந்து ஜீப் வாங்குவது இங்கே சகஜம். அடுத்த மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், அப்போது ஆர்.சி. புத்தகத்தின் என்ஜின் எண்ணும் பானெட்டுக்குள் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே உறுதி செய்தது. எண் ஒத்துப்போகாத வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

என்ஜின் எண்ணைச் சரிபார்க்கக் குனியும்போது அப்படியே கையை விட்டு என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் அந்தச் செம்புப் பட்டை இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அப்புறம் விலை பேசலாம்.